முன் ஷாக்: வீட்டில் பிரிப்பதா, பட்டறைக்குக் கொடுப்பதா? அறிகுறி பார்த்து முடிவெடுக்கும் வழிமுறை

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து கேரள எல்லையிலுள்ள கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வரும் பைக்குகளில் மற்ற எந்த உறுப்பையும்விட முன் ஷாக்தான் சீக்கிரம் சோர்ந்து போகிறது. ஏறும்போது அதற்குப் பெரிய வேலை இல்லை. இறங்கும்போதோ, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முன் பிரேக் பிடிக்கும் நேரமெல்லாம் வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி அதன்மேல் வந்து இறங்குகிறது. இதோடு, ஜூன் மாதத்தில் மழை பிடித்துவிட்டால் தோட்டத்துச் சாலையின் சேறு ஷாக் பைப்பில் அப்பிக்கொண்டு, கீழே கம்பத்து வெயிலுக்கு வந்ததும் காய்ந்து அரம்போல் ஆகி, ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதட்டைத் தேய்க்கிறது. எல்லைக்கு மேலே வசிக்கும் நான் பதினோரு ஆண்டுகளாக இந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறேன்; அந்தக் காலத்தில் என் வண்டியின் ஷாக்கைப் பட்டறையில் மூன்று முறையும், வீட்டு வாசலில் ஐந்து முறையும் பிரித்திருக்கிறேன்.

அந்த அனுபவத்தில் எனக்குத் தெளிவான பிரிவினை இதுதான். ரப்பரும் எண்ணெயும் கெட்டிருந்தால் அது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. இரும்பு கெட்டிருந்தால் அது பட்டறைக்கு, சில நேரம் பட்டறையையும் தாண்டி லேத்துக்குப் போகவேண்டிய வேலை. ஆனால் எது கெட்டிருக்கிறது என்பதைப் பிரிப்பதற்கு முன்பே அறிகுறியை வைத்துக் கண்டுபிடித்துவிட வேண்டும். ஷாக்கில் குறையே இல்லாத வண்டியின் ஷாக்கைப் பிரித்து, புது சீல் போட்டு, பழைய சத்தத்தோடு திரும்பி வந்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் நூறு முதல் முந்நூற்றைம்பது சிசி வரையுள்ள சாதாரண வண்டிகளில் இருக்கும் ஷாக்கைப் பற்றியது. மேலே குரோம் பூசிய பைப், கீழே அலுமினிய பாட்டம், உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு டேம்பர் ராடு, கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான். 1935இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆர்12, ஆர்17 வண்டிகளில் எண்ணெயால் அதிர்வைத் தணிக்கும் இந்த வகை ஷாக்கைக் கொண்டுவந்த காலத்திலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை: ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது, டேம்பர் ராடின் சிறு துளைகள் வழியாக எண்ணெய் பிதுங்கிச் செல்வதால் ஸ்பிரிங்கின் துள்ளல் அடங்குகிறது. கேடிஎம் 390 ட்யூக் போன்ற வண்டிகளில் உள்ள தலைகீழ் ஷாக்குகளைத் தனிக் கருவிகள் இல்லாமல் வீட்டில் பிரிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பைப்பின் மேல் எண்ணெய் கசிகிறது

இது எல்லாரும் முதலில் கவனிக்கும் அறிகுறி. எல்லாரும் அவசரப்படுவதும் இதில்தான். பைப்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது குறையல்ல, சீலின் உதடு உலராமல் இருக்க அது தேவை. பாட்டத்தின் மேல்விளிம்பில் வளையம் போல எண்ணெய் தேங்கி, அதில் தூசி ஒட்டிக் கருப்புச் சேறாகி, பாட்டத்தின் வழியே வழிந்தால்தான் அதைக் கசிவு என்று கொள்ள வேண்டும். அந்த எண்ணெய் டிஸ்க் பிளேட்டிலோ பிரேக் பேடிலோ பட்டிருந்தால் வண்டியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். இறக்கத்தில் எண்ணெய் பட்ட பேடு பிடிக்காது.

பைப்பைப் பனியன் வேஸ்ட்டால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஆயில் சீலுக்கு மேலே தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலைத் தட்டை ஸ்குரூ டிரைவரால் மெதுவாக நெம்பி மேலே தள்ளுங்கள். அதன் அடியில் பெரும்பாலும் நனைந்த மண் இருக்கும். அதைத் துடைத்தபின், பழைய எக்ஸ்-ரே படத்திலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, அதன் நுனியில் சின்னக் கொக்கி போல ஒரு வெட்டு விட்டு, சீலுக்கும் பைப்புக்கும் இடையில் நுழைத்துப் பைப்பைச் சுற்றி ஒரு முழுச் சுற்று இழுத்து எடுங்கள். சீலின் உதட்டடியில் சிக்கியிருந்த மணல் துகள் அந்தக் கொக்கியில் மாட்டிக்கொண்டு வரும். பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இருபது முறை அமுக்கி விட்டு, மறுபடி துடைத்து, ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். மழைக்காலத்தில் வரும் புதுக் கசிவுகளில் பல இதோடு நின்றுவிடுகின்றன. ஒரு ரூபாய்கூடச் செலவு இல்லாத இந்த வேலையைச் செய்யாமல் சீலை மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன்.

அப்படியும் கசிந்தால், சீலுக்கு வயதாகிவிட்டதா, அல்லது பைப்பில் குழி விழுந்திருக்கிறதா என்ற கேள்வி வருகிறது. முடிவைத் தீர்மானிப்பதே இந்தக் கேள்விதான். என் வண்டியின் இடது ஷாக் ஒரு முறை விடாமல் கசிந்தது. ஒரு பட்டறையில் சீல் மாற்றினார்கள். நான்கே வாரத்தில் மறுபடி எண்ணெய். அதே பட்டறையில் மறுபடி சீல் மாற்றினார்கள். இந்த முறை மூன்று வாரம். மூன்றாம் முறை கம்பத்தில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரை எடுக்கவே இல்லை. என் கையைப் பிடித்துப் பைப்பின் மேல் வைத்து, "கண்ண மூடிக்க தம்பி, நகத்த மட்டும் வச்சு மேலருந்து கீழ வா" என்றார். பாட்டத்திலிருந்து நான்கு விரல் உயரத்தில், பைப்பின் முன்பக்கத்தில், நகம் ஓரிடத்தில் தட்டியது. கண்ணைத் திறந்து பார்த்தால் அங்கே ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் சாய்த்துப் பிடித்த பிறகுதான் கடுகில் பாதி அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தது. குரோம் பூச்சு அந்த இடத்தில் உரிந்து அடியில் துரு பிடித்திருந்தது. ஷாக் அமுங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழியின் கூர்விளிம்பு சீலின் உதட்டைச் சீவிக்கொண்டே இருந்திருக்கிறது. எத்தனை சீல் போட்டாலும் அது நிற்காது.

ஆகவே நகத்தால் பாருங்கள். நகம் தட்டாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால், 1500 அல்லது 2000 எண் நீர் எமரித் தாளை எண்ணெயில் நனைத்து, பைப்பைச் சுற்றிக் குறுக்காக மெதுவாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, சீலை வீட்டிலேயே மாற்றலாம். நகம் தட்டும் இடம், ஷாக் முழுவதும் அமுங்கினாலும் சீல் போய்த் தொடாத அளவுக்கு மேலே இருந்தால் கவலை இல்லை. சீல் ஓடும் பகுதியில் ஒன்றிரண்டு சிறு குழிகள் மட்டும் இருந்தால், துருவைச் சுரண்டி எடுத்து, அரால்டைட் நிரப்பி, ஒரு நாள் இறுகவிட்டு, எமரியால் பைப்பின் மட்டத்துக்குச் சமமாகத் தேய்ப்பவர்கள் உண்டு. அது ஒரு மழைக்காலத்தை ஓட்ட உதவும். நிரந்தரத் தீர்வு என்று அதை நம்பக்கூடாது. குழிகள் கூட்டமாக இருந்தால் புதுப் பைப் வாங்கவேண்டும், அல்லது பழைய பைப்பைத் தேய்த்து மறுபடி ஹார்டு குரோம் பூசித் தரும் இடத்துக்கு அனுப்பவேண்டும். சாதாரண வண்டிகளுக்குப் புதுப் பைப்பே கைக்கடக்கமான விலையில் கிடைப்பதால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். பழைய மாடல்களுக்குத்தான் குரோம் பூசும் வழி தேவைப்படுகிறது.

பாட்டத்தின் அடியிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது

இதைச் சீல் கசிவு என்று தவறாக நினைத்துவிடக் கூடாது. பைப் உலர்ந்திருந்து, ஆக்சிலுக்கு அருகே பாட்டத்தின் கீழ்முனையில் மட்டும் ஈரம் இருந்தால், டேம்பர் ராடை அடியிலிருந்து பிடித்திருக்கும் ஆலன் போல்ட்டின் செம்பு வாஷர்தான் காரணம். அந்த வாஷரை ஒருமுறை இறுக்கினால் அது நசுங்கி வடிவம் கொண்டுவிடும். பிரித்த பிறகு பழையதையே மறுபடி போட்டால் கசியும். புது வாஷர் கிடைக்காத இக்கட்டில் பழையதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தால் செம்பு மறுபடி இளகிவிடும். வடிகால் ஸ்குரூ உள்ள பழைய வண்டிகளில் அதன் வாஷரையும் பாருங்கள். இது சுத்தமாக வீட்டு வேலை.

பிரேக் பிடித்தால் 'டொக்' என்று தட்டுகிறது

இந்தச் சத்தத்துக்காக ஷாக்கைப் பிரிப்பவர்களில் பாதிப் பேர் தவறான இடத்தைப் பிரிக்கிறார்கள். சத்தம் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டிலிருந்து வரலாம், ஷாக்கின் உள்ளே பைப் வழுக்கி ஓடும் வளையமான புஷ் தேய்ந்ததால் வரலாம், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பரின் ஊசி (pin) தளர்ந்ததாலும் வரலாம். மூன்றையும் வீட்டிலேயே பிரித்தறியலாம்.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைக்கும்போது, இன்னொருவரை, இரண்டு பைப்புகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஃபோர்க் டீயின் கீழ்த் தகட்டுக்கும் பிரேமின் கழுத்துக்கும் நடுவே விரலை வைக்கச் சொல்லுங்கள். அங்கே அசைவு தெரிந்தால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. பிறகு பைப் பாட்டத்துக்குள் நுழையும் இடத்தில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே தட்டினால் ஷாக்கின் உள்ளே தேய்மானம். எங்கும் அசையாமல் டிஸ்க் பக்கத்தில் மட்டும் சத்தம் வந்தால் காலிப்பர். கோன் செட்டின் இன்னொரு அடையாளமும் உண்டு: முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பினால், சக்கரம் நேராக நிற்கும் இடத்தில் பள்ளத்தில் விழுவது போல ஒரு தடை தெரியும். நேராகவே ஓடி ஓடி, பேரிங் குண்டுகள் தாம் உருளும் தடத்தில் ஒரே இடத்தில் குழி தோண்டிவிட்டதால் வருவது அது. அந்த வண்டிக்கு ஷாக்கில் எந்த வேலையும் வேண்டாம். கோன் செட்டின் கப்பைப் பிரேமிலிருந்து தட்டி எடுத்துப் புதிதை நேராக அடித்து இறக்கவேண்டும். சாய்ந்து இறங்கினால் பிரேமே கெடும் என்பதால் இதை மட்டும் பட்டறைக்குக் கொடுக்கச் சொல்கிறேன்.

பைப்புக்கும் பாட்டத்துக்கும் நடுவே தேய்ந்திருந்தால், புஷ் தனியாக மாற்றக்கூடிய வண்டியா என்று பாருங்கள். தனி புஷ் இல்லாமல் அலுமினியத்தின் மேலேயே பைப் நேராக ஓடும் வண்டிகளில் பாட்டத்தையே மாற்றவேண்டியிருக்கும்.

பிரேக் பிடித்தால் முன்பக்கம் முழுதும் அமுங்கிவிடுகிறது

குமுளி இறக்கத்தில் பெரியாறு மின்நிலையக் குழாய்கள் தெரியும் வளைவுகளில் முன் ஷாக் கடைசி வரை அமுங்கி 'டக்'கென்று அடித்தால், காரணம் மூன்றில் ஒன்று: எண்ணெய் குறைந்துவிட்டது, எண்ணெய் பழசாகி நீர்த்துவிட்டது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.

பிரிக்காமலேயே ஒரு கணக்குப் பார்க்கலாம். பைப்பில் பாட்டத்தை ஒட்டி ஒரு கேபிள் டையை இறுக்கமில்லாமல் கட்டுங்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, முன்சக்கரத்தைத் தூக்கி ஷாக்கை முழுதும் நீளவிட்டு டையைக் கீழே இறக்கி வையுங்கள். பிறகு நீங்கள் உங்கள் வழக்கமான உடையோடு மெதுவாக ஏறி உட்கார்ந்து, ஆட்டாமல் இறங்குங்கள். டை எவ்வளவு மேலே போயிருக்கிறது என்று அளந்தால் அதுதான் உங்கள் பாரத்தில் ஷாக் தாழும் அளவு. மொத்தம் 120 மி.மீ. அமுங்கக்கூடிய (அதாவது அவ்வளவு ஓட்டமுள்ள) ஷாக் உட்கார்ந்தவுடன் 30 முதல் 40 மி.மீ. வரை தாழ்வது இயல்பு. 50ஐத் தாண்டினால் ஸ்பிரிங்கைச் சந்தேகப்படுங்கள். தாழ்வு சரியாக இருந்து, பிரேக் பிடிக்கும்போது மட்டும் தலை குப்புற விழுந்து, கையை விட்டதும் இரண்டு மூன்று முறை துள்ளினால் எண்ணெய்தான் குற்றவாளி.

எண்ணெயின் அளவைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனெனில் வீட்டிலும் பட்டறையிலும் ஒருசேரத் தவறு நடப்பது இதில்தான். நூறு, நூற்றைம்பது சிசி வண்டிகளில் ஒரு காலுக்கு, அதாவது ஒரு பக்கத்து ஷாக்குக்கு, ஏறத்தாழ 150 முதல் 200 மில்லி எண்ணெய் பிடிக்கும். சரியான அளவை உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பல பட்டறைகளில் பாட்டிலைச் சாய்த்துக் கண்ணளவில் ஊற்றுகிறார்கள். பைப்பின் உள்விட்டம் 25 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பத்தே மில்லி கூடுதலாக ஊற்றினாலும் எண்ணெயின் மட்டம் இரண்டு செ.மீ. உயர்ந்துவிடும். எண்ணெய்க்கு மேலே இருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். அந்த இடம் இரண்டு செ.மீ. குறைந்தால் ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் ஷாக் கல்லாகிவிடும், உள்ளே அழுத்தம் கூடிச் சீலையும் பிதுக்கும். ஒரு காலில் கூடவும் இன்னொன்றில் குறையவும் ஊற்றினால் இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இழுத்துக்கொள்ளும். மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று கையில் இருந்தால் நீங்கள் பல பட்டறைகளைவிடத் துல்லியமாக இந்த வேலையைச் செய்துவிடலாம். இது வீட்டில் செய்வதன் உண்மையான ஆதாயம். மிச்சமாகும் பணம் அதற்கு அடுத்தபடிதான்.

எஞ்சின் ஆயிலை ஷாக்கில் ஊற்றும் வழக்கம் எல்லைக்கு இருபுறமும் உண்டு. வண்டன்மேட்டுப் பனிக்காலக் காலையில் கெட்டியான எஞ்சின் ஆயில் ஊற்றிய வண்டியின் கைப்பிடி முதல் சில கிலோமீட்டருக்கு ஒவ்வொரு குழியையும் தோள்வரை கொண்டுவருவதை நான் அனுபவித்திருக்கிறேன். ஷாக் ஆயில் நுரைக்காதபடி செய்யப்பட்டது. எஞ்சின் ஆயில் அந்த வேலைக்கென்று செய்யப்பட்டதல்ல. கையேடு சொல்லும் தரத்தையே வாங்குங்கள்.

ஷாக் இறுகிவிட்டது, குழியில் அசையவே இல்லை

சமீபத்தில் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் முதலில் ஆக்சிலைச் சந்தேகப்படுங்கள். பங்சர் ஒட்டிவிட்டு அவசரமாக ஆக்சிலை இறுக்கும்போது இரண்டு பாட்டங்களும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கப்பட்டு, பைப்புகள் பக்கவாட்டில் உராய ஆரம்பிக்கின்றன. ஆக்சில் நட்டையும், ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட் இருந்தால் அதையும் தளர்த்தி, முன் பிரேக்கைப் பிடித்து ஐந்தாறு முறை நன்றாக அமுக்கினால் கால்கள் தாமாகவே தங்கள் இடத்துக்கு வந்துவிடும், அதன்பின் இறுக்குங்கள். மட்கார்டின் பிரேஸ் வளைந்திருந்தாலும் இதே இறுக்கம் வரும். இவை இரண்டும் இல்லையென்றால் எண்ணெய் அதிகமாகியிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் அடுத்த பத்தியைப் படியுங்கள்.

சக்கரம் நேராக இருந்தும் ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது

சறுக்கி விழுந்த வண்டிகளில் இது வரும். நல்ல வேளையாகப் பல நேரங்களில் எதுவும் வளைந்திருக்காது. ஃபோர்க் டீக்குள் பைப்புகள் சற்றே முறுக்கிக்கொண்டு நின்றிருக்கும். ஆக்சில், கீழ் டீயின் போல்ட்டுகள், மேல் பிளேட்டின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் தளர்த்தி, சக்கரத்தை இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து ஹேண்டிலை நேராக்கி, ஷாக்கைச் சில முறை அமுக்கி, கீழிருந்து மேலாக இறுக்குங்கள். நேராகிவிட்டால் வேலை முடிந்தது.

நேராகவில்லை என்றால், அல்லது மோதலில் வண்டி எதன்மீதாவது நேருக்கு நேர் இடித்திருந்தால், பைப்பைக் கழற்றி ஒரு தடித்த கண்ணாடியின் மேலோ, சமையலறை கிரானைட் மேடையின் தட்டையான பகுதியிலோ உருட்டிப் பாருங்கள். அடியில் வெளிச்சம் வந்து போய், வந்து போய்த் தெரிந்தால் வளைந்திருக்கிறது. எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. ஹோண்டாவின் பட்டறைக் கையேடுகள் பைப்பின் வளைவுக்கு 0.2 மி.மீ. வரைதான் எல்லை வைக்கின்றன. அதை, பைப்பைத் தாங்கும் வி-பிளாக்கும் நுண்ணளவு காட்டும் டயல் கேஜும் உள்ள இடத்தில்தான் அளக்க முடியும். இங்கே வீட்டு வேலை முடிந்துவிடுகிறது. பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் உண்டு. கொஞ்சமாக வளைந்ததை நல்ல கையுள்ளவர் நிமிர்த்தலாம். ஆனால் வளைந்த இடத்தில் குரோம் விரிசல் விட்டிருந்தாலோ, பைப்பின் உள்பக்கம் நெளிந்திருந்தாலோ அதை நிமிர்த்தி மலைச் சாலையில் ஓட்டக்கூடாது. ஒரு பைப் வளைந்திருந்தால் ஃபோர்க் டீயும் வளைந்திருக்கிறதா என்று சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். டீயைப் பார்க்காமல் பைப்பை மட்டும் மாற்றினால் ஹேண்டில் மறுபடி திரும்பித்தான் நிற்கும்.

வீட்டில் பிரிப்பதென்று முடிவானால்

சீல், டஸ்ட் சீல், செம்பு வாஷர், மேல்மூடியின் ஓ-ரிங், எண்ணெய் எல்லாம் கையில் வந்த பிறகே முதல் போல்ட்டைத் தொடுங்கள். சீலின் மேல் அச்சிட்டிருக்கும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் பழையதோடு பொருந்தவேண்டும். இரண்டு காலுக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.

வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து முன்பக்கத்தைத் தூக்குங்கள். எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஜீப் ஜாக்கி இருப்பதால் இது சுலபம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் கட்டையும் கொடுங்கள். காலிப்பரைக் கழற்றினால் அதை பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் பிரேமில் கட்டுங்கள், லிவரைத் தொடாதீர்கள். பைப்புகள் டீயில் இருக்கும்போதே மேல்மூடியை அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். கழற்றிய பிறகு அதைப் பிடித்துத் திறப்பதற்கு வீட்டில் இடம் கிடைக்காது. முழுதும் திறக்கும்போது உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருப்பதை மறக்காமல், கடைசி மரையில் மூடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருப்புங்கள். முகத்தை நேர்மேலே வைக்காதீர்கள். ஸ்பிரிங்கை எடுக்குமுன் நெருக்கமான சுற்றுகள் மேலே இருந்தனவா, கீழே இருந்தனவா என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயை ஒரு வெள்ளை டப்பாவில் வடியுங்கள். சாம்பல் நிறத்தில் மினுமினுப்பாக வந்தால் உள்ளே உலோகம் தேய்கிறது; பால் கலந்ததுபோல் வந்தால் மழைநீர் இறங்கியிருக்கிறது. அடுத்தது அடியில் உள்ள ஆலன் போல்ட். வீட்டில் பலர் தோற்றுப் போவது இங்கேதான். போல்ட்டைத் திருப்பினால் உள்ளே டேம்பர் ராடும் சேர்ந்து சுற்றும். ஸ்பிரிங்கை மறுபடி போட்டு மூடியை மாட்டி, ஒருவர் பைப்பைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் சட்டென்று வெட்டித் திருப்பினால் பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் கவாத்து செய்த காப்பிக் கம்பில் உறுதியான ஒன்றை எடுத்து, நுனியைக் கூம்பாகச் சீவி, பைப்பின் உள்ளே இறக்கி டேம்பர் ராடின் தலையில் தட்டி இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இதற்கும் அசையவில்லை என்றாலோ, போல்ட்டின் அறுகோணம் வழுக்க ஆரம்பித்தாலோ அங்கேயே நிறுத்தி, அந்தக் காலை மட்டும் சாக்கில் சுற்றிக் காற்று இம்பாக்ட் ரெஞ்ச் உள்ள பட்டறைக்கு எடுத்துப் போங்கள். இரண்டு நொடி வேலை. அதற்குக் கேட்கும் சிறு கூலியைக் கொடுத்துவிட்டு மீதியை வீட்டில் செய்வதில் எந்தக் குறையும் இல்லை. வழுக்கிய போல்ட்டைத் துளைபோட்டு எடுக்கும் நிலைமைதான் உண்மையான செலவு.

பாகங்களை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி முழுதும் உலரவிடுங்கள். பழைய சீலை நெம்பும்போது ஸ்குரூ டிரைவருக்கு அடியில் துணியை மடித்து வையுங்கள்; பாட்டத்தின் விளிம்பிலோ சீல் உட்காரும் சுவரிலோ கீறல் விழுந்தால் புதுச் சீலின் வெளிப்பக்கமாக எண்ணெய் வரும். புதுச் சீலைப் பைப்பின் மேல் இறக்குவதுதான் முழு வேலையிலும் நிதானம் கேட்கும் இடம். பைப்பின் மேல்விளிம்பு கூர்மையாக இருக்கும். அதன்மேல் வெறுமனே தள்ளினால் உதட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழுந்து, ஒரு வாரத்தில் கசியும். பால் கவர் ஒன்றைக் கழுவி, வெட்டி, எண்ணெய் தடவி, பைப்பின் வாயில் மூடிவிட்டு அதன்மேல் சீலை வழுக்கி இறக்கி, கவரை உருவிவிடுங்கள். எழுத்துள்ள பக்கம் மேலே, ஸ்பிரிங் வளையம் தெரியும் பக்கம் கீழே. 31 மி.மீ. பைப்புக்கும் 43 மி.மீ. வெளிவிட்டமுள்ள சீலுக்கும் 40 மி.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டு அளவாகப் பொருந்தும். முனையைச் சமமாக அறுத்து, சீலின் விளிம்பில் வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். சீலைப் பிடித்திருக்கும் கம்பி வளையமான சர்க்லிப் உட்காரும் பள்ளம் முழுவதுமாகத் தெரியும்போது சீல் இறங்கிவிட்டது என்று பொருள். தட்டும் ஓசையும் அப்போது மாறிக் கெட்டியாகக் கேட்கும்.

எண்ணெயை அளந்து ஊற்றியபின், ஸ்பிரிங் இல்லாமல், பைப்பை மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். பத்து நிமிடம் செங்குத்தாக நிறுத்திவைத்து, பைப்பை முழுதும் அமுக்கிய நிலையில் வாயிலிருந்து எண்ணெய் மட்டம் வரை இரும்பு ஸ்கேலால் அளந்து, இரண்டு கால்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். மாட்டும்போது இரண்டு பைப்புகளும் மேல் பிளேட்டில் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். காலிப்பரைக் கழற்றியிருந்தால் வண்டியை நகர்த்துவதற்கு முன் லிவரைப் பலமுறை பிடித்து பிரேக் கெட்டியாகிறதா என்று பாருங்கள். இதை ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள்.

பட்டறைக்குக் கொடுப்பதென்றால்

முதன்முறையாகச் செய்பவருக்கு இந்த வேலை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளும்; பழகிய மெக்கானிக் மதிய உணவுக்குள் முடித்துவிடுவார். தினமும் வண்டி தேவைப்படுகிறவர், வேறு வண்டி இல்லாதவர், அல்லது மேலே சொன்னபடி இரும்பில் குறை கண்டவர் பட்டறைக்கே போவது நல்லது. ஆனால் "ஷாக் வேலை பாருங்க அண்ணே" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டு வராதீர்கள். பைப்பில் குழி இருக்கிறதா என்று நகத்தால் பார்த்த பிறகு சீல் போடச் சொல்லுங்கள். எண்ணெயை அளந்து ஊற்றச் சொல்லுங்கள். உங்கள் சிரிஞ்சையே கையில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் தவறில்லை. பழைய சீல்களையும் வாஷர்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவை மாற்றப்பட்டதற்கு அதுவே சாட்சி. எல்லையின் கேரளப் பக்கத்துப் பட்டறைகளில் மழைக்காலத்துக்கு முன்பே, மே மாதத்தில், வண்டியைக் கொடுத்துவிட்டால் கூட்டம் குறைவாக இருக்கும், மெக்கானிக்கும் நிதானமாகப் பார்ப்பார்.

வீட்டில் செய்தாலும் பட்டறையில் செய்தாலும், முதல் நாள் சமதளத்தில் மட்டும் ஓட்டிவிட்டு, மறுநாள் காலை கிளம்புமுன் வெள்ளைத் துணியால் இரண்டு பைப்புகளையும் சீலுக்கு மேலே ஒரு சுற்று துடைத்துப் பாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பின் ஆக்சில் நட்டு, டீ போல்ட்டுகள், மேல்மூடி மூன்றையும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே வண்டியை மலையில் இறக்குங்கள்.